செவ்வாய், வெள்ளி, கடைசி பீரியட்

செப்டம்பர் 3, 2002, செவ்வாய்

இன்று முதல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் விளையாட்டு பீரியட் என் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் கடைசி மணி.

நான் கேட்டு வாங்கவில்லை. தலைமை ஆசிரியை ஞானசௌந்தரி டீச்சர் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்று பார்த்தார். எல்லாரும் அவசரமாக நோட்டுத் திருத்த ஆரம்பித்தார்கள். என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிறவர்கள். திருத்த என்னிடம் எதுவும் இல்லை.

"கனி, நீதான் வயசுப் பிள்ளை. ஓடியாட வச்சிரு. இன்ஸ்பெக்ஷன்ல கேக்காங்க."

தலையாட்டினேன். சத்தமாகப் பேச வேண்டிய வேலை என்று பிறகுதான் உறைத்தது.

ஐந்தாம் வகுப்பு கோமதிநாயகம் சார் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாக அந்த மணியில் அவர் கணக்கு நடத்திவந்தார். "அட்டவணையில விளையாட்டுன்னு எழுதியிருக்கும்தான். அதுக்காக விளையாடவா முடியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே, "பி.ஏ. படிச்சிட்டு பிள்ளையளோட ஓடப் போறியாக்கும்" என்றாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் என்னிடமிருந்து எதை எதிர்பார்ப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செப்டம்பர் 6, வெள்ளி

மைதானம் என்பது கட்டடத்துக்கும் பின்சுவருக்கும் இடையில் இருக்கும் நீளமான கட்டாந்தரை. ஒரு முனையில் அடிபம்பு, மறுமுனையில் வேம்பு. இன்று முழுக்கக் கல் பொறுக்கினோம். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டமாக இருந்தது.

நானும் இதே பள்ளிதான். எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை. எங்கள் காலத்தில் விளையாட்டு மணியில் ஆண்பிள்ளைகள் ஓடுவார்கள். நாங்கள் பானையில் தண்ணீர் நிரப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவோம். பள்ளிக்கு ஒரே ஒரு ரப்பர் பந்து. அது பீரோவில் இருக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வெளியே எடுத்து மேசைமேல் வைப்பார்கள். பீரோ திறக்கும்போது வரும் அந்த ரப்பர் வாசனைக்காகவே நான் வாசலில் நிற்பேன். இன்று பீரோவில் தேடினேன். பந்து இல்லை. காற்றுப் போய்த் தட்டையான அதன் ரப்பர் தோல் மட்டும் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

விசில் வாங்கினேன். என் குரல் மூன்றாவது வரிசைக்கு மேல் போகவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அடிபம்பிலிருந்து வேம்பு வரை போய்த் திரும்பி ஓடிவந்ததும் ஒரே மூச்சில் தமிழ் மாதங்களைச் சொல்ல வேண்டும். எந்த மாதத்தில் மூச்சு முட்டுகிறதோ அதை நோட்டில் குறித்துக்கொள்வேன். ஐந்தாம் வகுப்பு மாரிச்செல்வி பங்குனி வரை சொல்லிவிட்டு, மறுபடியும் சித்திரைக்கு வந்துவிட்டாள். நெட்டைப் பிள்ளை, நல்ல குரல். நான் சொல்வதை அவள்தான் எல்லாருக்கும் திருப்பிச் சொல்கிறாள்.

நான்காம் வகுப்பு இசக்கியம்மாள் ஆனியில் நின்றுவிட்டாள். உருவத்தைப் பார்த்தால் இரண்டாம் வகுப்பு மாதிரி இருப்பாள். பனி விழுந்தால் இளைப்பு வருமாம்.

பிறகு கோகோ. எட்டுப் பேர் வரிசையாக உட்கார, ஒருத்தி விரட்ட, எதிரணியிலிருந்து மூன்று மூன்று பேராக இறங்கி ஓட வேண்டும். தொட்டால் அவுட். இசக்கியை எந்தப் பக்கமும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"அவ ஒப்புக்கு ஆடட்டும்" என்றேன்.

எல்லாருக்கும் அது புரிந்தது. எந்தத் தெருவிலும் உள்ள வழக்கம்தானே. சின்னப் பிள்ளை அழாமல் இருக்க ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது. தொட்டாலும் அவுட் கிடையாது, பிடித்தாலும் கணக்கு கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் தெருவில் நான் அதுதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. விளையாட்டு இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

மணி அடித்தபின் இசக்கி பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?"

"டீச்சர், என்னைய ஏழு தடவை தொட்டாங்க."

"வலிச்சுதா?"

"இல்ல. ஏழு தடவை தொட்டும் அவுட்டே இல்ல." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கீறினாள். "ஒரு தடவை அவுட் ஆக்கச் சொல்லுங்க டீச்சர்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கு ஆடியதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை என்று போன மாதம் எழுதியிருக்கிறேன். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட யாரிடமும் போய் இப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று இசக்கி கணக்கில் சேர்ந்த ஆள். இறங்கிய மூன்றாவது நொடியில் மாரிச்செல்வி தொட்டுவிட்டாள். "அவுட்!" இசக்கி பரிசு கிடைத்த மாதிரி குதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "அவுட்டானதுக்கு எதுக்குட்டி குதிக்க?" என்று மாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓடி முடித்து இசக்கி ஆவணி வரை சொன்னாள்.

அக்டோபர் 18, வெள்ளி

குழந்தைகள் தினத்தன்று மேலத்தெருப் பள்ளியோடு கோகோ. அவர்களிடம் விளையாட்டுக்கென்றே ஒரு சார் இருக்கிறார், பிள்ளைகளுக்குச் சீருடையில் பனியன் இருக்கிறது.

கோமதிநாயகம் சார் அறையில் பேச்சை எடுத்தார். "அரையாண்டு வருது. அஞ்சாம் வகுப்புல பாதிப் பேருக்கு வகுத்தல் வரல. இதுக ஆறாம் வகுப்புக்குப் போய் முழிச்சா யாரைச் சொல்லுவாங்க? என்னையத்தான். எனக்கு அந்த ரெண்டு மணி வேணும்." அவர் சொல்வதும் பொய் இல்லை.

ஞானசௌந்தரி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். பிறகு அவரே தீர்ப்புச் சொன்னார். "மேலத்தெருக்காரங்கிட்ட தோக்காம வரட்டும். பீரியட் கனிக்கு. தோத்தா உங்களுக்கு."

பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் யார் நின்றிருந்தார்களோ.

நவம்பர் 1, வெள்ளி

ஒன்பது பேர் தேர்வு. எட்டுப் பேரை யோசிக்காமல் எழுதினேன். ஒன்பதாவதாக இசக்கி. அவளை விரட்டுவது கஷ்டம். ஆள் சின்னது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் எலி மாதிரி நுழைந்து வந்துவிடுகிறாள். ஆனாலும் மாரிச்செல்விக்குப் பிடிக்கவில்லை.

"டீச்சர், அவளுக்கு நடுவுல இளைச்சிட்டுன்னா?"

"இப்ப மார்கழி வரை சொல்லுதா."

"நமக்குப் பங்குனி வரை வேணும்லா" என்றாள். பத்து வயதில் அவளுக்கு இருக்கும் கவலை எனக்கு இருபத்தொன்றில் இல்லை.

திங்கள் தீபாவளி. அம்மா எனக்கு நீலத்தில் சேலை எடுத்திருக்கிறாள். போட்டியன்று கட்ட வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

இசக்கி. பங்குனி. பிறகு குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாரி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நவம்பர் 14, வியாழன்

போட்டி காலை ஒன்பதரைக்கு, எங்கள் மைதானத்தில். இரண்டு நடுவர்கள். மேற்கே மேலத்தெருப் பள்ளி சார், கிழக்குச் சுவரோரம் நான். நீலச் சேலை புதுசு, கஞ்சி மொடமொடப்பு. முதுகில் வெயில் சுள்ளென்று அடித்தது.

முதலில் எங்கள் பிள்ளைகள் விரட்டினார்கள். ஒன்பது பேரும் முடிந்து, மறுபடி இறங்கியவர்களையும் சேர்த்துப் பதினொரு பேரைத் தொட்டார்கள். மாரி ஒருத்தியே ஐந்து பேர். பிறகு அவர்கள் விரட்டினார்கள். பத்து, பதினொன்று. சமம். சமம் என்றாலே போதும், தோல்வி இல்லை. இசக்கி மட்டும்தான் உள்ளே இருந்தாள். அரை நிமிடம்தான் பாக்கி. நாற்பது பிள்ளைகளும் சுவரில் ஏறி நின்று கத்தினார்கள். கோமதிநாயகம் சார்கூட ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசக்கி என் பக்கம்தான் ஓடிவந்தாள். பனியன் போட்ட உயரமான பிள்ளை ஒன்று கையை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தது. இசக்கி வளைந்து தப்பித்தாள். எல்லாரும் "ஹே" என்றார்கள். அடுத்த நொடி இசக்கி நின்றுவிட்டாள். கையைத் தூக்கினாள்.

"நான் அவுட்டு. தோள்ல தொட்டுட்டா."

மேலத்தெரு சார் என்னைப் பார்த்தார். அவர் பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது. தொட்ட பிள்ளையைக் கேட்டார். "தெரியல சார். பட்ட மாதிரி இருந்துச்சு, படாத மாதிரியும் இருந்துச்சு" என்றது அது. எனக்குக் கண்ணில் வெயில் அடித்தது. சரியாகப் பார்க்கவில்லை என்றேன். ஆடுகிற பிள்ளையே சொன்னபிறகு வேறு வழியில்லை. பன்னிரண்டு.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு. தோற்றுவிட்டோம்.

மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் தின்னவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

கடைசி மணியில் கோமதிநாயகம் சார் வகுத்தல் நடத்தினார். என் வகுப்பில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழால் வகுப்பது.

இசக்கி வரவில்லை.

மதியச் சாப்பாட்டில் மாரிச்செல்வி சொன்னது காதில் விழுந்தது. "தொடவே இல்ல. அவளுக்கு அவுட்டாகுறதுன்னா ஆசை. எல்லாருக்கும் முன்னால பீத்திக்கிட்டா. அவளை ஒப்புக்கே வச்சிருந்திருக்கணும்."

சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 16, சனி

சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். லேபிள் ஒட்ட அம்மாவுக்கு உதவினேன். பதினான்கு கட்டு.

நவம்பர் 18, திங்கள்

இன்றும் இசக்கி வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் அம்மா சுமதி உள்ளே அழைத்து ஸ்டூல் போட்டாள்.

"இளைப்பா?" என்றேன்.

"இளைப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். இப்பல்லாம் நல்லா மூச்சு விடுதா. பள்ளியோடத்துக்கு மாட்டேங்கா. கூடப் படிக்கிறவ வாசல்ல நின்னு, 'ஒன்னாலதான் எங்களுக்கு விளையாட்டு போச்சு'ன்னு சொல்லிட்டுப் போறா. பிள்ளை அன்னிலேருந்து சரியாச் சாப்பிடல."

இசக்கி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்தாள்.

"டீச்சர், அவ என்னையத் தொட்டாதான?"

நான் பாயின் ஓரத்தை நிமிண்டினேன்.

"அன்னிக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. இந்தா இந்த இடத்துல." இடது தோளைக் காட்டினாள். "இப்ப எல்லாரும் தொடலைங்காங்க. நாப்பது பேரு. நாப்பது பேரு எப்படி டீச்சர் பொய் சொல்லுவாங்க? எனக்கே இப்பத் தெரியல. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் பிடிக்கவில்லை.

சுமதி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு, அதே நாள்

எழுதிவிடுகிறேன். "சரியாத் தெரியலம்மா" என்றேன்.

காலை ஒன்பதரை மணிக்குக் கிழக்குச் சுவரோரம் நிற்கிறவளுக்குக் கண்ணில் வெயில் அடிக்காது. பார்த்தேன். நான்கு விரலும் சட்டைமேல் படிந்து, துணி மடங்கி விலகியது வரை பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. இசக்கி நின்றிருக்காவிட்டால் ஊதியிருப்பேனா என்று நான்கு நாளாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியும் என்பதால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

காலை ஏழரைக்கே இசக்கி வீட்டுக்குப் போனேன். "கிளம்பு. இன்னிக்கு வழிபாட்டுக்கு நீ இருக்கணும்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சுமதி அவசரமாக ஒற்றைச் சடை பின்னி அனுப்பினாள்.

வழிபாட்டில் குறள் சொல்லி, செய்தி வாசித்து முடித்ததும் ஞானசௌந்தரி டீச்சர் "கலையலாம்" என்பார். அதற்கு முன்னால் நான் அவர் நின்ற படியில் ஏறிவிட்டேன். இந்தப் பள்ளியில் படித்த ஐந்து வருடத்திலும், வேலைக்கு வந்த ஐந்து மாதத்திலும் அந்தப் படியில் நான் ஏறியதில்லை. டீச்சர் "என்ன கனி?" என்றார்.

"வியாழக்கிழமை இசக்கியம்மாளைத் தொட்டாங்க. நான் பார்த்தேன்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து, "கேக்கல டீச்சர்!"

மறுபடியும் சொன்னேன்.

"கேக்கல டீச்சர்!" வம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.

"தொட்டாங்க! நான் பாத்தேன்! பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சத்துணவு ஆயாகூடக் கையை நிறுத்தினாள்.

ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து மாரிச்செல்வி கேட்டாள். "வெயிலுன்னு சொன்னீங்க."

"பொய்."

"நீங்க விசில் ஊதியிருந்தா அவ கை தூக்கியிருக்க வேண்டாம்லா."

"வேண்டாம்."

"அப்ப நாங்க அவளை ஏசியிருக்கவும் மாட்டோம்."

"ஆமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. இசக்கி எங்கே என்று தேடினேன். நான்காம் வகுப்பு வரிசையில் கடைசியில் நின்றாள். இடது தோளில் வலது கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

கலைந்தபின் ஞானசௌந்தரி டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார். "மேலத்தெரு சாருக்கு ஒரு கடிதம் எழுது. அவங்க ஜெயிச்சது ஒழுங்கான ஜெயிப்புன்னு. நானும் கையெழுத்துப் போடுதேன்." எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "வேற என்ன?" என்றார்.

"பீரியட் வேணும் டீச்சர்."

"தோத்தா கிடையாதுன்னு சொன்னேனே."

"தோத்ததுனாலதான் டீச்சர் கேக்கேன். அவளை ஏசினவங்களும் அவளும் ஒண்ணா விளையாடணும். வகுத்தல்ல அது வராது."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் குடுத்த வாக்கை நானே மாத்த முடியாது. கோமதிநாயகம் சார்ட்ட நீயே போய்க் கேளு. அவர் விட்டா எனக்கு ஒண்ணுமில்ல."

இன்று கேட்க முடியவில்லை. காலையில் கத்தியதிலேயே தொண்டை போய்விட்டது.

நவம்பர் 22, வெள்ளி

கடைசி மணி அடித்தது. ஐந்தாம் வகுப்பு வாசலுக்குப் போனேன். நான்காம் வகுப்பும் அங்கேதான் அடைந்து உட்கார்ந்திருந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கு.

"சார்."

"சொல்லும்மா."

"இது விளையாட்டு பீரியட்."

எல்லாப் பென்சிலும் நின்றன. சார் கரும்பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் என்னை. "வகுத்தல் யாரு சொல்லித் தருவா?"

"காலையில எட்டரைக்கு நான் வாரேன் சார். வகுத்தல் வராத பிள்ளைகளை எங்கிட்ட விடுங்க. தினமும்."

சார் கொஞ்ச நேரம் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு வகுத்தல் வருமா?"

"வரும் சார். நீங்க வர்றதுக்கு முந்தி இங்கதான் படிச்சேன்."

"ஏழால வகுக்கத்தான் தடுமாறுதுக" என்றார். சுண்ணக்கட்டியைப் பெட்டியில் போட்டார். "போங்க. செருப்பை ஒழுங்கா வரிசையா விடுங்க." அதற்குள் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள்.

மைதானத்தில் என்னிடம் யாரும் பேசவில்லை. செவ்வாயிலிருந்து இப்படித்தான். கேட்டால் பதில் சொல்வார்கள், தாங்களாக வந்து ஒன்றும் சொல்வதில்லை. இசக்கியிடமும் பேச்சு இல்லை, ஆனால் ஏச்சும் இல்லை. மாரிச்செல்வியும் சுடலைமுத்துவும் தலைவர்கள். ஆள் பிரிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் சின்னதில் பிரித்த அதே மாதிரிதான். இரண்டு இரண்டு பேராகத் தோளில் கைபோட்டு ஓரமாகப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவது. "ரயிலு வேணுமா, பஸ்ஸு வேணுமா?" "பஸ்ஸு." பஸ் யாரோ அவர் கேட்ட தலைவர் பக்கம், ரயில் எதிர்ப்பக்கம். பதினொரு வருடம் ஆகிறது நான் அதைப் பார்த்து. சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாரும் பிரிந்தபின் இசக்கி மட்டும் தனியாக நின்றாள். ஜோடி இல்லை. இன்று ஒருத்தி லீவு, எண்ணிக்கை ஒற்றைப்படை. எல்லாரும் மாரியைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"டீச்சர்" என்றாள் மாரி. மூன்று நாளில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவளுக்கு ஜோடி இல்ல. நீங்க வாங்க."

விசிலைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். சேலையை இழுத்துச் செருகினேன். இசக்கிக்கு என் தோள் எட்டவில்லை, அதனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வேம்புக்குப் பின்னால் போனோம்.

"நீங்க புரோட்டா, நான் பூரி" என்றாள் ரகசியமாக. எல்லாவற்றையும் அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

தலைவர்கள் முன்னால் வந்து நின்றோம். அடுத்த முறை மாரியுடையது.

"பூரி வேணுமா, புரோட்டா வேணுமா?"

மாரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் தெரியவில்லை.

"புரோட்டா."

இசக்கி சுடலைமுத்து பக்கம் ஓடிவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரே கூச்சல். மாரியின் பக்கத்தில் ஒருத்தி, "போச்சு, நாம காலி" என்றாள்.

மாரி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். தலைநிமிர்ந்து பார்த்தாள்.

"தொட்டா நீங்களே சொல்லணும் டீச்சர்."

தலையாட்டினேன்.

"வாயால சொல்லுங்க."

சொன்னேன்.